பயப்படத் தெரிந்த ஒருத்தி

பியூலா ஒரு பயந்தாங்கொள்ளி என்பது அந்த ஆய்வு நிறுவனத்தில் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தால் திறக்க மாட்டாள். வழிகாட்டியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் கையில் இருப்பதை முதலில் கீழே வைத்துவிடுவாள், தவறிப் போட்டு உடைத்துவிடுவோமோ என்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா நாசரேத்திலிருந்து போன் செய்வாள். "இன்னும் எத்தன வருசம்ட்டி படிப்ப? தங்கச்சிக்கே ரெண்டாவது புள்ள பொறக்கப் போவுது" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதனால் மணி அடித்து ஓயும்வரை போன் தலையணைக்கு அடியில் கிடக்கும்.

இரண்டாம் ஆண்டில் அவள் பேசிய முதல் கருத்தரங்கைப் பற்றி இன்னமும் சிலர் சொல்லிச் சிரிப்பதுண்டு. வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கையிலிருந்த லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி மட்டும் திரை முழுக்க ஈ மாதிரி பறந்துகொண்டிருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தாலும் அன்று காலை வாந்தி எடுத்துவிட்டுத்தான் போவாள்.

இத்தனைக்கும் அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே பயம்தான்.

அம்பாசமுத்திரம் போகும் சாலையில், மலையைப் பின்னால் வைத்துக் கட்டிய நிறுவனம் அது. மூளையைப் பற்றிய ஆராய்ச்சி. பியூலாவின் வழிகாட்டி டாக்டர் மைதிலி, சென்னைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மாணவர்களைக் கடிந்து பேசாதவர். சில வருடங்களுக்கு முன் அவரிடம் படித்த ஒரு பையன், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில், ஊருக்குப் போய் வருகிறேன் என்று விடுதியிலிருந்து கிளம்பினான். ஊருக்குப் போய்ச் சேரவேயில்லை. அவன் உட்கார்ந்திருந்த மேசையை அவர் வேறு யாருக்கும் ஒதுக்கவில்லை. அந்த வருடமே தாம் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

அதுதான் தொப்பி. பார்க்க ஒரு கனத்த ஹெல்மெட் மாதிரி இருக்கும். அது வேலை செய்யும் நிலைக்கு வந்தபோது, வெவ்வேறு ஆய்வுக்கூடங்களிலிருந்து மாணவர்களைக் கூட்டி வைத்து அவர் சொன்னார்:

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு சைஸுக்கு ஒரு இடம் இருக்கு. புலியைப் பார்த்தாலும் அதுதான் அலறும், தீசிஸ் முடியலைன்னாலும் அதுதான் அலறும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம காதுக்குக் கேக்காத ஒலியை அந்த இடத்துல குவிச்சா, அது தூங்கிடும். கத்தி கிடையாது, மாத்திரை கிடையாது. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல அதுவே முழிச்சுக்கும். அதுவரைக்கும் நீங்க நிம்மதியா வேலை பார்க்கலாம். இஷ்டம் இருக்கிறவங்க மட்டும் வாங்க. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்."

முதலில் கையைத் தூக்கியவள் பியூலாதான். கூட்டம் முடிந்ததும் டாக்டர் மைதிலி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உனக்கு மட்டும் முடியாதும்மா. குழந்தையில உனக்கு வலிப்பு வந்திருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்க. இந்த ஒலி பட்டு அது திரும்ப வந்தா நான் என்ன பண்ணுவேன்? உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது? என் கண்ணு முன்னாடி இன்னொரு பிள்ளைக்கு எதுவும் ஆகக் கூடாது."

சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. பியூலா தலையாட்டினாள். அவளுக்கு வேறு வேலை கொடுத்தார். தொப்பியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குப் பயமூட்டும் படங்களையும் ஒலிகளையும் காட்டி, உள்ளங்கை வியர்வையையும் கண்மணி விரிவதையும் அவள் அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவுகள்தான் அவளுடைய ஆய்வேடு.

முதல் ஆளாகத் தொப்பியில் உட்கார்ந்தவன் குமரேசன். அதே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவன். ஆறாம் வருடம். இரண்டு கட்டுரைகள் திரும்பி வந்திருந்தன. கல்லிடைக்குறிச்சியில் வீடு, மனைவி கோமதி, வதனி என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. பியூலா பயப்படுவது எல்லோருக்கும் தெரியும். குமரேசன் பயப்படுவது பியூலாவுக்கு மட்டும்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே, மின்பெட்டிகள் இருக்கும் இடுக்கில் உட்கார்ந்து, மூச்சு வாங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவள் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொள்வாள். மூச்சு சீரானதும் இருவரும் எழுந்து போய் டீ குடிப்பார்கள்.

தொப்பியிலிருந்து எழுந்தவன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"எப்படி இருக்குண்ணே?"

"நல்ல பசி எடுக்குது. சாப்பிடப் போலாமா?"

அந்த மாதத்திலேயே அவன் இரண்டு அத்தியாயங்களை முடித்தான். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் அவனை மடக்கப் பார்த்தபோது, "நீங்க கேக்குறதுலயே தப்பு இருக்கு சார்" என்று நிதானமாகச் சொல்லி, எழுந்து போய்ப் பலகையில் போட்டுக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு யாருக்குப் பொறுக்கும்? அவர்கள் ஆய்வுக்கூடம் முழுக்க உட்கார்ந்தது. பிறகு பக்கத்து ஆய்வுக்கூடம். பிறகு மேல்மாடி. விடுதியில் இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அணையத் தொடங்கின. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், கட்டுரைகளை அனுப்பினார்கள். பியூலாவின் திரையில் ஒவ்வொருவருடைய கோடும் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையில்லாமல் கிடந்தது. அவளுடைய ஆய்வேடும் நன்றாக வளர்ந்தது. பொறாமையாக இருந்தாலும், நல்லது நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்தது வண்டி நிறுத்துமிடத்தில்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகிற நேரம். பக்கத்து ஆய்வுக்கூடத்துத் தமயந்தியின் ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்து, குக்கர் மாதிரி சீறிக்கொண்டிருந்தது. பியூலா அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். காவலாளி கம்பு எடுக்கப் போனார். தமயந்தி அதை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

"தமயந்தி, பாம்பு, கீழ பாம்பு."

"தெரியுதுப்பா. விரியன். கடிச்சா ரத்தம் உறையாது. அது பாட்டுக்குக் கெடக்கு, நான் பாட்டுக்குப் போறேன்."

பாம்பு கொத்தியது. அவள் அணிந்திருந்த கனத்த ஷூவில் பல் இறங்காமல் வழுக்கிப் போனது. தமயந்தி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே நின்ற மற்ற மாணவர்களும் ஒன்றும் நடக்காதது மாதிரி கேன்டீன் பக்கம் நடந்தார்கள். பியூலாவும் காவலாளியும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்டவை அவள் கண்ணில் பட ஆரம்பித்தன. அமிலத்தைக் கையுறை போடாமல் ஊற்றுகிறார்கள். ஒருவனுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தபோது, "ஆஸ்பத்திரியில சேத்துட்டீங்கள்ல? சரி" என்று வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்கிறான். யாரும் கெட்டவர்களாக மாறிவிடவில்லை. கேட்டால் அன்பாகத்தான் பதில் சொன்னார்கள்.  அத்தனை சாந்தமான முகங்களுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் வியர்த்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் கோமதி போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

பியூலா போனாள். சாரல் பருவம். ஊரே நனைந்திருந்தது. குமரேசன் வாசல் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அடுப்படியில் கோமதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவியளுக்கு என்ன செஞ்சிய?"

"என்ன ஆச்சு மைனி?"

"புள்ளைக்கு நெருப்பாக் காச்சல். கண்ணு மேல போவுது. நான் கத்துதேன். அவிய வந்து தொட்டுப் பாத்துட்டு, 'காச்சல்தான், மாத்திரை குடு'ன்னுட்டு போயி எழுத உக்காந்துட்டாவ. முன்னால எல்லாம் அவ தும்முனாப் போதும், தூக்கிட்டு ஓடுவாவ. இப்ப கோவம் கெடையாது, ஏச்சு கெடையாது, எங்கிட்ட அம்புட்டு அன்பா பேசுதாவ. எனக்கு அதப் பாத்தாதான் பயமா இருக்கு. வீட்டுக்குள்ள வேற யாரோ இருக்க மாதிரி இருக்கு."

பியூலா தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். பயத்தைத் தூங்க வைத்திருக்கிறார்கள், தானாக முழித்துக்கொள்ளும் என்று. கோமதி குழம்பை இறக்கி வைத்தாள்.

"பயத்த மட்டும் எப்படித் தனியா எடுக்க முடியும்? எம்புள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு பயப்படாம, எம்புள்ளமேல எப்படிப் பாசமா இருப்பேன்?"

நான்கு வருடமாகப் பயத்தைப் படித்துக்கொண்டிருந்தவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"எத்தன தடவ உக்காந்தாவ?" என்று கோமதி கேட்டாள்.

"மூணு தடவை" என்றாள் பியூலா. விளைவு குறையும் முன்பே அவன் மறுபடி மறுபடி கேட்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் மைதிலி முதலில் யோசித்தார், பிறகு சரி என்றார்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். அணை திறந்திருந்ததால் தாமிரபரணி படித்துறையின் பாதிப் படிகளை விழுங்கிக்கொண்டு ஓடியது. குமரேசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். வதனி மேல்படியில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, கோமதி எடுத்துவரப் போனாள். பியூலாவுக்கு நீச்சல் தெரியாது. சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

வதனி அடுத்த படிக்கு இறங்கினாள். பிறகு அடுத்தது.

"வதனி, போதும், மேல வா" என்றாள் பியூலா. குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் காலை எடுத்து வைத்தாள். பாசி வழுக்கியது. சத்தம்கூட வரவில்லை. தண்ணீர் அவளை மூடிக்கொண்டது.

குமரேசன் கையெட்டும் தூரத்தில் நின்றான். பியூலா அவன் எடுத்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதிர்ச்சியில் உறைந்து நிற்கவில்லை. ஆற்றில் ஒரு இலை போவதைப் பார்க்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் மஞ்சள் கவுன் புரண்டது.

தான் எப்போது குதித்தோம் என்று பியூலாவுக்குத் தெரியாது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கையில் துணி அகப்பட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் படியில் பதித்திருந்த இரும்பு வளையத்தைப் பற்றினாள். குழந்தை மேலே வந்து இருமியது, வாந்தி எடுத்தது, அழுதது. அதற்குள் குமரேசன் நடந்து வந்து இருவரையும் மேலே தூக்கிவிட்டான். பக்குவமாகத்தான் தூக்கினான்.

பியூலாவுக்குப் பல் கிட்டித்தது. "ஏண்ணே? ஏன் பாத்துட்டே நின்னீங்க?"

அவன் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னான்.

"எடுத்திருப்பேன் பியூலா. எடுக்கணும்னு தெரிஞ்சுது. அவசரம்னு தோணல."

படிக்கட்டின் மேலே துண்டோடு வந்து நின்ற கோமதியின் காதில் அது விழுந்தது.  இறங்கி வந்து குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பேட்டையிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பியூலா வழிகாட்டியின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டுவதற்கே நெடுநேரம் ஆனது. நடந்ததைச் சொன்னாள். ஆய்வை நிறுத்த வேண்டும் என்றாள். அப்படி நிறுத்தினால் தன்னுடைய ஆய்வேடு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நான்கு வருடம் வீணாகும்.

டாக்டர் மைதிலி குறுக்கிடாமல் கேட்டார்.

"குழந்தை நல்லா இருக்கா?"

"இருக்கா மேடம்."

"அப்ப சரி. கவனிச்சுக்க வேண்டிய விஷயம்தான், எழுதி வை. ஆனா அடுத்த வாரம் நிபுணர் குழு வருது. புதுசா சேர்ற எல்லா மாணவர்களுக்கும் முதல் நாளே தொப்பி வைக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. அது முடிஞ்சா மத்த கல்லூரிகள், அப்புறம் ராத்திரி பஸ் ஓட்டுறவங்க, நர்ஸுங்க. இப்ப நிறுத்த முடியாது. உன் ஆய்வு முடிவைத்தான் அங்க வைக்கப் போறோம். நீதான் பேசணும்."

"என்னால பேச முடியாது மேடம். உங்களுக்கே தெரியும்."

"அதுக்கென்ன? நீயும் ஒரு தடவை உக்காந்துடு. என்ன பேசணும்னு நினைக்கிறியோ பேசு. இதை எதிர்த்துப் பேசணும்னாலும் பேசு, எனக்கு ஆட்சேபணை இல்லை. நடுங்காம பேசுவ, அவ்வளவுதான்."

"எனக்கு வலிப்பு வந்திருக்கே மேடம்."

"வரலாம், வராமலும் போகலாம். வாய்ப்பு கம்மிதான். வந்தா பார்த்துக்கலாம்."

பியூலா அவர் முகத்தைப் பார்த்தாள். தெளிவான, களைப்பில்லாத முகம். 'உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது' என்று கண் கலங்கிய பெண்மணி அந்த முகத்தில் எங்குமே இல்லை. 

"மேடம், நீங்க உக்காந்தீங்களா?"

"போன மாசம். ரொம்ப வருஷமா எனக்குத் தூக்கமே இல்லம்மா. அந்தப் பையனோட மேசையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைச்சுக்கும். இப்ப பார்த்தா மேசைதான் தெரியுது." புன்னகைத்தார். "நேத்துதான் அதைப் புதுசா வந்த மாணவிக்குக் கொடுத்தேன்."

நிபுணர் குழு வந்த அன்று காலை பியூலா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கூட்டத்துக்கு இன்னும் நேரமிருந்தது. தொப்பி அறை திறந்தே கிடந்தது. உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இயக்கத் தெரியாதவள் இல்லை, எத்தனையோ பேருக்கு அவளே பொருத்தியிருக்கிறாள். தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இந்தக் கை நடுங்காது. அந்த மேடை வெறும் மேடையாகிவிடும். அம்மாவின் போனை எடுக்கலாம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நடக்கலாம்.

பொத்தான் மேல் விரலை வைத்தபடி யோசித்தாள். இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகிறவளுக்கு நன்றாகப் பேச வரும். ஆனால் எதற்காகப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுமா? தண்ணீருக்குள் புரண்ட மஞ்சள் கவுனை நினைத்தால் அவளுக்கு ஒரு கவுன் மட்டும்தானே தெரியும்?

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்ட அறைக்கு நடந்தாள்.

அறை நிறைந்திருந்தது. முன்வரிசையில் நிபுணர்கள். நடுவில் இருந்தவர் வயதான மனநல மருத்துவர். பின்னால் மாணவர்கள், வரிசை வரிசையாகச் சாந்தமான முகங்கள். பியூலா ஒலிவாங்கியைப் பிடித்தாள். அது அவள் பல்லில் இடித்தது. முதல் வாக்கியம் வெளியே வரவேயில்லை. இரண்டாவது முறை பாதி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இந்தத் தொப்பி வேலை செய்யுது. என் அளவுகள் எல்லாம் சரி. நான் அளந்தது மட்டும்தான் தப்பு. பயம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு அளந்தேன். அதோட சேந்து என்ன போச்சுன்னு அளக்கல."

பாம்பைச் சொன்னாள். அமிலத்தைச் சொன்னாள். ஆற்றில் ஒரு குழந்தை முழுகியதைச் சொன்னாள். பக்கத்தில் நின்றது யார் என்று மட்டும் சொல்லவில்லை. குமரேசனின் ஆய்வேடு அந்த வாரம்தான் தேர்வாளர்களிடம் போயிருந்தது. அவள் வாயால் அவன் பெயர் வந்தால் ஆறு வருடம் போய்விடும்.

வயதான மருத்துவர் தலையைத் தூக்கினார். "உங்க நடுக்கத்தைப் பார்த்தா பாவமா இருக்கும்மா. ஆனா பேர் இல்லாத ஒரு சம்பவத்தை வச்சு நாங்க எப்படி முடிவு எடுக்க முடியும்? வேற யாராவது பார்த்திருக்காங்களா?"

பியூலா பின்வரிசைப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ளைக்கு அப்பா நான்தான் சார்" என்றான் குமரேசன்.

எல்லோரும் திரும்பினார்கள். வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாக நின்றான்.

"அவ சொன்னது எல்லாம் நடந்தது. எம்மக முழுகும்போது நான் பக்கத்துல நின்னேன். எனக்கு ஒண்ணும் தோணல. இத இங்க சொன்னா என் பட்டம் போயிரும்னு தெரியுது. ஆனா பயமில்ல, அதனால சொல்ல முடியுது. பொண்டாட்டியும் புள்ளையும் என்னைய விட்டுப் போயி ஒரு வாரம் ஆச்சு. அவங்க போனது சரின்னுதான் எனக்குப் படுது. என்னைய நம்பி ஒரு புள்ளைய விட முடியாது. இன்னும் இங்க இருக்கவங்க எல்லாரையும் நம்பி விட முடியாதுன்னு நெனைக்கேன்."

உட்கார்ந்தான். சாந்தமாக இருந்த முகங்களுக்கு நடுவே வயதான மருத்துவருடைய முகம் மட்டும் வெளுத்துப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மாணவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

தொப்பி அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். டாக்டர் மைதிலி எந்த வருத்தமும் இல்லாமல் உத்தரவில் கையெழுத்திட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரியாத்தான் இருந்துது" என்றார் பியூலாவிடம். தொப்பியின் பாதிப்பில் எழுதியது என்று குமரேசனின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பியூலா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்தமுறை அவள் அளக்க வேண்டியது பயம் திரும்பி வருவதை.

அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வந்தது. தமயந்தி ஒரு மத்தியானம் கழிவறையில் உட்கார்ந்து பாம்பு, பாம்பு என்று கத்தினாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடினான். டாக்டர் மைதிலி நீண்ட விடுப்பில் போனார். போவதற்கு முந்தைய நாள் அந்த மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பியூலா பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

குமரேசனுக்கு மட்டும் வரவில்லை. மூன்று முறை உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான். விடுதியில் ஒரு அறையில் தங்கியிருந்தான். வாராவாரம் வந்து அவள் முன்னால் உட்காருவான். அவள் படங்களைக் காட்டுவாள். கோடு அசையாது. மாதங்கள் போயின.

"வராதுன்னா வராதுன்னு சொல்லிரு பியூலா" என்றான் ஒருநாள். "எனக்கு ஒண்ணுமில்ல. கோமதிக்குத்தான் சொல்லணும், வேற ஏற்பாடு பண்ணிக்க."

"வரும்ணே" என்றாள். வராமலே போய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினாள். ஒவ்வொரு வாரமும் அவன் எழுந்து போன பிறகு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கோமதி மாதத்துக்கு ஒருமுறை குழந்தையை அழைத்து வந்து காட்டிவிட்டுப் போவாள். குழந்தையின் கையைக் கடைசிவரை விடமாட்டாள். அப்படி அவள் வருவதாக இருந்த ஒருநாள், முற்பகலில், பியூலாவின் போன் அடித்தது.

"பியூலா, கொஞ்சம் வாரியா? வாசல் கேட்டுக்கிட்ட நிக்கேன்."

குரல் என்னவோ போலிருந்தது. அவள் ஓடினாள். நிறுவனத்தின் வாசலில், சாலையோரத்து விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குமரேசன் நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேருந்து நிற்கும் இடம் சாலைக்கு அந்தப் பக்கம்.

"கோமதியும் புள்ளையும் வர்ற நேரம். அந்தப் பக்கம் போகணும். தாண்ட முடியல. லாரி வருது."

"அது எங்கயோ வருதுண்ணே."

"வருதுல்லா."

அவன் கையைத் தொட்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது.  சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அவ கண்ணத் தொறந்துட்டு இருந்தா பியூலா" என்றான். "தண்ணிக்குள்ள. என்னையத்தான் பாத்தா. நான் வருவேன்னு பாத்தா. நான் நின்னேன்." பற்கள் அடித்துக்கொண்டன. கம்பத்தை ஒட்டிச் சரிந்து உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் நடுக்கம் அவள் கைக்குள் ஏறியது.

அந்தப் பக்கம் பேருந்து வந்து நின்று புறப்பட்டது. கோமதியும் வதனியும் இறங்கி நின்றார்கள். கோமதி தோளிலிருந்து நழுவிய பையைச் சரிசெய்ய ஒரு கணம் குழந்தையின் கையை விட்டாள். வதனி அப்பாவைப் பார்த்துவிட்டாள். சாலையின் ஓரத்துக்கு வந்து ஒரு காலைத் தாரில் வைத்தாள்.

"ஏட்டி, நில்லு அங்க."

குமரேசன் எழுந்து நின்று கத்திய கத்தலில் பியூலாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. குரல் கீறி உடைந்தது. "ரோட்டுல எறங்கின, காலை ஒடிச்சுப் போடுவேன். அம்மா கையப் பிடி. பிடிட்டி."

வதனி வெலவெலத்து நின்றாள். கோமதி பாய்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். லாரி இரு பக்கத்துக்கும் நடுவே இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு, கோமதி பையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. வதனி உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்திருந்தாள்.

"அம்மா, அப்பா ஏசிட்டாவ."

"ஆமாட்டி" என்றாள் கோமதி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "ஏசிட்டாவ. அப்பா ஏசிட்டாவ."